ஸ்போர்ட்டா, ஆஃப் ரோடா? பிக்கப் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஹூஸ்டனில் எங்கள் தெருவில் ஏழு பிக்கப் வண்டிகள் நிற்கின்றன. அவற்றில் மூன்றின் பின்பெட்டியில் ‘ஆஃப் ரோடு’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. மூன்றும் வாரம் தவறாமல் கழுவி மெழுகு போடப்படுபவை. அடியில் சேறு காய்ந்து கிடக்கும் ஒரே வண்டி என்னுடையது. அதில் எழுதியிருப்பதோ ‘ஸ்போர்ட்’. அவர்கள் அலுவலகம் போகிறவர்கள், நான் மீன் பிடிக்கப் போகிறவன். நாங்கள் நான்கு பேருமே வண்டியை மாற்றி வாங்கிவிட்டோம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிய பாதி சரி. அவர்களைப் பற்றி நினைத்தது தவறு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வாங்கும்போது நான் பார்த்தது எது அழகு, எது மலிவு என்பதை மட்டும்தான். எதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே முடியாது என்று பார்க்கவில்லை. பிக்கப் வாங்க நினைப்பவர்களிடம் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் வைக்கிறேன்.

உதாரணத்துக்கு டொயோட்டா டகோமாவை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் நடுத்தர அளவுப் பிக்கப் வாங்க நினைக்கிறவர் யாரும் இந்த வண்டியைத் தாண்டிப் போக முடியாது. தவிர, இதில் ‘டிஆர்டி ஸ்போர்ட்’, ‘டிஆர்டி ஆஃப் ரோடு’ என்ற இரண்டு டிரிம்களும் ஆண்டாண்டாக அருகருகே விற்கப்படுகின்றன. டிஆர்டி என்பது டொயோட்டாவின் பந்தயப் பிரிவின் பெயர்ச்சுருக்கம். டிரிம் என்பது ஒரே மாடலுக்குள் நிறுவனம் பிரித்து வைத்திருக்கும் தரவகை. 2016 முதல் 2023 வரையிலான மூன்றாம் தலைமுறையில் இரண்டுக்கும் ஒரே 3.5 லிட்டர் வி6 இஞ்சின், 278 குதிரைத்திறன். 2024இல் வந்த நான்காம் தலைமுறையில் இரண்டுக்கும் ஒரே 2.4 லிட்டர் டர்போ இஞ்சின். ஆட்டோமேட்டிக் கியருடன் வந்தால் அதே 278 குதிரைத்திறன். சட்டகமும் ஒன்றுதான். ஆகவே ‘ஸ்போர்ட்’ என்றால் வேகம் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

‘ஸ்போர்ட்’ என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. 1991இல் ஜிஎம்சி சைக்ளோன் என்ற சிறிய பிக்கப் 4.3 லிட்டர் டர்போ வி6 இஞ்சினோடு 280 குதிரைத்திறனில் வந்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் சவால் விட்டது. ஃபோர்டு லைட்னிங் 1993இல் வந்தது. 2004இல் டாட்ஜ் தன் வைப்பர் காரின் வி10 இஞ்சினையே ராம் பிக்கப்பில் தூக்கி வைத்தது. டகோமாவிலேயே 2005இல் எக்ஸ்-ரன்னர் என்று தரையோடு ஒட்டிய ஒரு வண்டி வந்தது. அவை உண்மையான தெரு வண்டிகள். இன்றைய டிஆர்டி ஸ்போர்ட் அந்தப் பரம்பரையின் தூரத்து உறவு மட்டுமே. மூன்றாம் தலைமுறை ஸ்போர்ட்டின் பானட்டில் காற்று உள்ளே போவதற்கான திறப்புபோல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதற்குள் காற்று போவதில்லை. அலங்காரம்.

படி 1: ஒரு மாதம் எழுதி வையுங்கள்

கடைக்குப் போகும் முன் முப்பது நாள் எங்கெல்லாம் ஓட்டினீர்கள் என்று எழுதுங்கள். நெடுஞ்சாலை, நகரச் சாலை, சரளைக்கல் சாலை, மண் பாதை, மணல், பனி என்று பிரித்து மைல்களைக் குறியுங்கள். கூடவே ஒரு தனிப் பக்கத்தில், கடந்த இரண்டு வருடத்தில் உண்மையிலேயே போய்வந்த கரடுமுரடான இடங்களை எழுதுங்கள். ‘போக வேண்டும்’ என்று நினைத்த இடங்களை அதில் சேர்க்காதீர்கள். ஆஃப் ரோடு ஓட்டத்துக்குப் பேர்போன யூட்டாவின் மோவாப் பாறைகளின் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது கணக்கில் வராது.

பிறகு அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே அங்கே என்ன தேவைப்பட்டது என்று எழுதுங்கள். இது முக்கியம், ஏனென்றால் ‘ஆஃப் ரோடு’ என்பது ஒரே பொருள் அல்ல. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிக்குப் போகும் 27 மைல் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வண்டியைத் தோற்கடிப்பது செங்குத்தான ஏற்றம் அல்ல; துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியான தரையும் டயரைக் கிழிக்கும் கூரான கற்களும்தான். நல்ல டயரும் உறுதியான ஸ்டெப்னியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டெக்சாஸில் பாட்ரே தீவின் கடற்கரையில் முதல் ஐந்து மைல் வரை சாதாரணக் காரே போகலாம். அதற்குத் தெற்கே மணல் இளகிவிடும், நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் போகக்கூடாது. யூட்டாவில் வொயிட் ரிம் போன்ற சுமார் 100 மைல் பாதைக்கு உயரமான அடிப்பகுதியும் குறைவேகக் கியரும் வேண்டும். இந்த மூன்று இடங்களுக்கும் மூன்று வேறு வண்டிகள் தேவை. அந்த வேறுபாடு டிரிம் பெயரில் தெரியாது.

படி 2: டிரிமுக்கு முன் இயக்கத்தைத் தீர்மானியுங்கள்

பலர் ‘ஆஃப் ரோடு’ என்றாலே நான்கு சக்கர இயக்கம் என்று நினைக்கிறார்கள். மூன்றாம் தலைமுறை டகோமாவில் டிஆர்டி ஆஃப் ரோடு இரண்டு சக்கர இயக்கத்திலும் விற்பனையானது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஸ்போர்ட்டிலோ இரண்டு வகையும் உண்டு.

விலையை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். விளம்பரத்தில் காணும் ஆரம்ப விலை பெரும்பாலும் இரண்டு சக்கர இயக்க வண்டிக்கானது. நான்கு சக்கர ஸ்போர்ட்டை நான்கு சக்கர ஆஃப் ரோடோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடச் சுருங்கிவிடும். நான் அப்படிப் பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

யாருக்கு இரண்டு சக்கரம் போதும்? பனி விழாத ஊரில் இருந்துகொண்டு, படகு இழுக்காமல், மண் பாதையை ஆண்டுக்கு இருமுறை பார்ப்பவருக்கு. படகு இழுப்பவர் என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படகை நீரில் இறக்கும் சரிவுத் தளம் பாசி பிடித்து வழுக்கும், பின்சக்கரங்கள் நிற்பதும் அந்தப் பாசியில்தான். நகரத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்குக்கூட நான்கு சக்கர இயக்கம் அங்கே ஒருநாள் கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. டகோமாவின் இந்த இரண்டு டிரிம்களிலும் உள்ளது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை. முன் அச்சையும் பின் அச்சையும் நேரடியாகப் பூட்டிவிடும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டியிருக்கும். மண்ணிலும் பனியிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லாமல் தண்டுகள் முறுக்கேறும், வண்டி அடைத்துக்கொண்டதுபோல் நகரும். மழை பெய்கிறதே என்று நெடுஞ்சாலையில் இதைப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத் தார் அதற்கான இடம் இல்லை.

படி 3: எது வெறும் உடை, எது உறுப்பு

இந்தப் படிதான் நீளமானது. தேநீர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் சக்கரம். மூன்றாம் தலைமுறை ஸ்போர்ட்டில் 17 அங்குல வீல், டயர் 265/65. ஆஃப் ரோடில் 16 அங்குல வீல், டயர் 265/70. நான்காம் தலைமுறையில் ஸ்போர்ட்டுக்கு 18 அங்குலம், 265/65. ஆஃப் ரோடுக்கு 17 அங்குலம், 265/70. ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 65 விழுக்காடு அல்லது 70 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து இரண்டு பக்கச்சுவர், நடுவில் வீல். மூன்றாம் தலைமுறையில் இரண்டு டிரிமின் டயரும் ஏறக்குறைய 30.6 அங்குலம், நான்காம் தலைமுறையில் இரண்டுமே ஏறக்குறைய 31.6 அங்குலம். வெளி உயரம் ஒன்றுதான்! ஆஃப் ரோடின் டயர் பெரிது என்று ஒருவர் மார்தட்டினால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அப்படியானால் என்ன வேறுபாடு? வீல் ஓர் அங்குலம் சிறியதாக இருப்பதால் ரப்பர் சுவர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 13 மில்லிமீட்டர் கூடுதல். கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் குழியில் விழும்போது அடியை முதலில் வாங்குவது அந்தச் சுவர். மணலில் காற்றை இறக்கும்போது அகன்று பரவி வண்டியைத் தாங்குவதும் அதுவே. முன்பு சொன்ன என் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜெயித்த இடமும் இதுதான். ஹூஸ்டனின் களிமண் நிலம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும். அதன்மேல் போட்ட கான்கிரீட் பலகைகள் ஏறி இறங்கி, விளிம்பு விளிம்பாக நிற்கும். அந்த விளிம்புகளில் என் ஸ்போர்ட் ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டு போகும். அவர்களின் ஆஃப் ரோடு அதை விழுங்கிக்கொண்டு போகும். அலுவலகம் போவதற்குத்தான் வாங்கினார்கள் என்றாலும், சாலை மோசமான ஊரில் ஆஃப் ரோடு டிரிமே சுகமாக இருக்கும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஸ்போர்ட்டில் கொஞ்சம் இறுக்கமாக அமைத்திருப்பார்கள். வளைவில் சாய்வு குறையும், அவசரமாகத் தடம் மாறும்போது உடல் ஆடாது, பெட்டியில் பாரம் இருக்கும்போது நிதானமாக நிற்கும். நெடுஞ்சாலையில் வாரம் 400 மைல் ஓட்டுகிறவருக்கு இது உண்மையான நன்மை, கேலிக்குரியது அல்ல. ஆஃப் ரோடில் பில்ஸ்டைன் நிறுவனத்தின் ஷாக்குகள். வரிவரியான மண் சாலையில் பத்து மைல் போனாலும் சூடேறித் தளர்ந்துபோகாமல் இருப்பதற்காக அவை.

மூன்றாவது டிஃபரன்ஷியல் லாக். பிக்கப் வாங்குகிறவர் ஒரே ஒரு தொழில்நுட்பச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது இதுவாக இருக்கட்டும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். இடது சக்கரம் சேற்றில் சும்மா சுழல்கிறது என்று வையுங்கள். அதைச் சுழற்ற எவ்வளவு சொற்ப விசை போதுமோ அவ்வளவே கெட்டியான தரையில் நிற்கும் வலது சக்கரத்துக்கும் போகும். வண்டி நகராது. லாக் பொத்தானை அழுத்தினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே தண்டுபோல் இணைந்து சுழலும். பிடிப்பு உள்ள சக்கரம் வண்டியை வெளியே இழுத்துவிடும்.

ஸ்போர்ட்டில் இந்த லாக் கிடையாது. அதற்குப் பதிலாக, சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி மறுபக்கத்துக்கு விசையைத் தள்ளும் மின்னணு ஏற்பாடு உண்டு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன், பல இடங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய முதலில் சக்கரம் சுழல வேண்டும். சுழலும் சக்கரம் மண்ணைத் தோண்டும், தோண்டிய குழியில் வண்டி இன்னும் உட்காரும். லாக்கோ, சக்கரம் சுழல்வதற்கு முன்பே தயாராக இருக்கிறது. இதுதான் வேறுபாடு.

ஆஃப் ரோடில் இன்னும் சில உண்டு. தரைக்கேற்ப இஞ்சினையும் பிரேக்கையும் மாற்றியமைக்கும் மல்ட்டி டெரெயின் செலக்ட், கால் வைக்காமலே வண்டியை ஆமை வேகத்தில் ஏற்றி இறக்கும் கிரால் கன்ட்ரோல் ஆகியவை. பின்னது வேலை செய்யும்போது வண்டிக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். பயப்பட வேண்டாம், பிரேக்கின் சத்தம்தான். மூன்றாம் தலைமுறையில் கையால் கியர் மாற்றும் வண்டிக்கு இந்த இரண்டும் கிடையாது, லாக் மட்டும் உண்டு. அனுபவசாலிகள் பலர் இவை இல்லாமலே நன்றாக ஓட்டுவார்கள். புதியவருக்கு இவை நல்ல ஆசிரியர்.

கடைசியாக முன் பம்பர். மூன்றாம் தலைமுறை ஸ்போர்ட்டில் பம்பருக்குக் கீழே காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று தொங்கும். எரிபொருள் மிச்சத்துக்காக வைத்தது. மேட்டில் ஏறும்போது முதலில் தரையைத் தொடுவது அதுதான். ஆஃப் ரோடில் அது இல்லை. நான்காம் தலைமுறையில் பம்பரின் வடிவமே வேறு. ஆஃப் ரோடில் ஓரங்களை மேலே வெட்டியிருப்பார்கள்.

படி 4: பிறகு சேர்க்கக்கூடியதையும் சேர்க்க முடியாததையும் பிரியுங்கள்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

டயரைப் பிறகு மாற்றலாம். எப்படியும் சில ஆண்டுகளில் மாற்றத்தான் போகிறீர்கள். வீலை மாற்றலாம், ஸ்போர்ட்டில் சிறிய வீலைப் போட்டு உயர்ந்த பக்கச்சுவரைப் பெறலாம். ஷாக்கையும் மாற்றலாம். சந்தையில் விற்பவற்றில் பல, நிறுவனம் தருவதைவிடச் சிறந்தவை. மூன்றாம் தலைமுறையின் அந்தப் பிளாஸ்டிக் பட்டையைச் சில போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிடலாம். வண்டியின் அடியைக் கல்லிலிருந்து காக்கும் அடித்தகடு வாங்கிப் பொருத்தலாம்.

டிஃபரன்ஷியல் லாக்கைப் பிறகு பொருத்துவது வேறு கதை. பின் அச்சைத் திறந்து, பல்சக்கரங்களை மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நான் மூன்று பட்டறைகளில் விசாரித்தேன். மூன்றிலும் சொன்ன தொகை, வாங்கும்போது ஸ்போர்ட்டுக்கும் ஆஃப் ரோடுக்கும் இருந்த வித்தியாசத்தைத் தாண்டியது. மல்ட்டி டெரெயின் செலக்ட், கிரால் கன்ட்ரோல் போன்றவை வண்டியின் கணினிகளோடு பின்னிப்பிணைந்தவை. அவற்றைச் சேர்ப்பதை யாரும் ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. நான்காம் தலைமுறை ஆஃப் ரோடில் விருப்பத்தேர்வாகக் கிடைக்கும் ஒரு வசதியும் அப்படித்தான்: வளைவில் சாய்வைக் குறைக்கும் முன்பக்க ஸ்டெபிலைசர் கம்பியைப் பொத்தானால் விடுவிப்பது.

எதிர்த்திசையில் பாருங்கள். ஆஃப் ரோடு வாங்கியவர் ‘எனக்கு வளைவில் இறுக்கம் வேண்டும்’ என்று பிறகு நினைத்தால்? ஷாக்கையும் டயரையும் மாற்றினால் போதும், ஸ்போர்ட்டின் குணம் பெரும்பாலும் வந்துவிடும். ஸ்போர்ட்டிலிருந்து ஆஃப் ரோடுக்குப் போகும் பாதை ஏற்றம், ஆஃப் ரோடிலிருந்து ஸ்போர்ட்டுக்கு வரும் பாதை இறக்கம்.

ஆகவே என் தீர்ப்பு இது. படி 1இல் எழுதிய தனிப் பக்கத்தில் ‘ஒரு சக்கரம் தொங்கியது’ அல்லது ‘ஒரு பக்கம் மட்டும் வழுக்கியது’ என்பதுபோன்ற வரி ஒன்றாவது இருந்தால் ஆஃப் ரோடு வாங்குங்கள். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்து, உங்கள் ஊர்ச் சாலை வழவழப்பானது என்றால் ஸ்போர்ட் போதும், மிச்சப் பணத்தை டயரில் போடுங்கள். பக்கம் வெறுமை, சாலை மோசம் என்றால் என் பக்கத்து வீட்டுக்காரர்களின் வழியே சரி.

படி 5: டயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

முதல் முறை பாட்ரே தீவுக்குப் போனபோது ஏழாவது மைலில் என் வண்டி அச்சு வரை புதைந்தது. டயரில் நெடுஞ்சாலைக்கான முழுக் காற்று. ‘லாக் இருந்திருந்தால்’ என்று புலம்பிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றேன். தூண்டிலோடு அந்தப் பக்கம் வந்த வயதான மீனவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் குனிந்து, நான்கு டயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினார். வண்டி தானாக வெளியே வந்தது. லாக் இல்லாததற்காக நான் வருத்தப்பட்டது பிறகு வேறோர் இடத்தில், சேற்றுப் பள்ளத்தில். மணலில் அல்ல.

காற்றழுத்த அளவி, சிறிய காற்றடிக்கும் பம்பு ஆகிய இரண்டையும் எந்த டிரிம் வாங்கினாலும் வண்டியிலேயே வையுங்கள். காற்றை இறக்கியபின் வேகமாகப் போகாதீர்கள், தார்ச் சாலை ஏறியதும் மறுபடி அடியுங்கள்.

பனி நாட்டில் இருப்பவர்கள் பக்கச்சுவரில் மலை வடிவத்துக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை டயரின் பள்ளம் குறைந்தது ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் தேய்ந்த டயருக்கு விலக்கு இல்லை. சட்டம் சரியாகத்தான் யோசித்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பும், நிறுத்துவது டயரின் பாடு.

முரட்டு டயர் போட்டால் இரைச்சல் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளலாம். ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கியதைத் திங்கள் முதல் சனி வரை சுமக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 6: கதவைத் திறந்து மஞ்சள் வில்லையைப் படியுங்கள்

விளம்பரத்தில் நான்காம் தலைமுறை டகோமா 6,500 பவுண்டு வரை இழுக்கும் என்று இருக்கும். அது எல்லா டிரிமுக்கும் எல்லா அமைப்புக்கும் பொருந்தும் எண் அல்ல. உங்கள் கண்முன் நிற்கும் வண்டியின் உண்மை ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. ஆட்களும் சுமையும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். கூடுதல் உபகரணங்கள் ஏற ஏற அந்த எண் இறங்கும். அதனால் ஒரே டிரிமின் இரண்டு வண்டிகளிலேயே வேறுபடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வில்லையில் 1,100 பவுண்டு என்று வையுங்கள். தலா 160 பவுண்டு வீதம் நான்கு பேர், 640. பின்னால் 4,000 பவுண்டு இழுவை வண்டி. அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் அழுத்தும், அது 400. மொத்தம் 1,040. மீதி 60 பவுண்டு. குளிர்பெட்டியில் பனிக்கட்டி போட்டால் தீர்ந்தது. அடித்தகடு, மேல் அடுக்கு, கனத்த பம்பர் என்று ஆஃப் ரோடு வண்டியை அலங்கரிக்க நினைப்பவர்கள் இந்தக் கழித்தலை முதலில் செய்ய வேண்டும்.

படி 7: ஓட்டிப் பார்க்கும் முறை

விற்பனையாளர் காட்டும் பாதை எப்போதும் வழவழப்பான ஒரு சதுரம். ‘என் வீட்டுக்குப் போய்வருகிறேன்’ என்று சொல்லுங்கள். இரண்டு டிரிமையும் ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே காற்றழுத்தத்தில் ஓட்டுங்கள். காட்சிக்கூடத்தில் டயரில் காற்று கூடுதலாக அடைத்து வைத்திருப்பதும் உண்டு, எனவே முதலில் அளந்து பாருங்கள். ரயில் தண்டவாளத்தைக் கடந்து, வேகத்தடையில் ஏறி, நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் பேசிப் பாருங்கள். பின் இருக்கையில் உங்கள் பெற்றோரை உட்காரவைத்துவிட்டு அவர்கள் முகத்தைக் கண்ணாடியில் கவனியுங்கள். இறங்கியபின் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட அது நம்பகமானது.

நீளத்தையும் அளந்துவிடுங்கள். மூன்றாம் தலைமுறையில் ஐந்தடிப் பெட்டி வைத்த நான்கு கதவு வண்டி சுமார் 212 அங்குலம், ஆறடிப் பெட்டி வைத்தது சுமார் 225 அங்குலம். ஆறடிப் பெட்டி வாங்கிய நண்பர் ஒருவர் வீட்டுக் கராஜின் கதவை இன்றுவரை மூடவில்லை.

படி 8: பழைய வண்டி என்றால்

ஒட்டுப்படத்தை நம்பாதீர்கள். ‘ஆஃப் ரோடு’ ஸ்டிக்கர் சில டாலருக்குக் கிடைக்கும். லாக் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான்கு சக்கரக் குறைவேகக் கியரில் போட்டு, மண் தரையில் மெதுவாக உருட்டி, விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். பல வருடம் யாரும் அழுத்தாமல் விட்ட லாக் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் இருப்பது உண்டு. முதல் உரிமையாளர் புதிதாக வாங்கியபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைத்தாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். புதிய கார்களில் அதை 1958இல் வந்த சட்டம் கட்டாயமாக்கியது; பிக்கப்பிலும் நிறுவனங்கள் அதை ஒட்டுகின்றன. எந்த டிரிம், என்னென்ன கூடுதல் என்பது எல்லாம் அதில் அச்சாகியிருக்கும்.

பிறகு படுத்து அடியைப் பாருங்கள். அடித்தகட்டில் கீறல் இருந்தால் குற்றமில்லை, அது அதற்காகத்தான். சட்டகத்தில் நசுங்கல் இருந்தால் எழுந்து வீட்டுக்குப் போங்கள். பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களிலிருந்து வந்த வண்டியில் துருவையும் தட்டிப் பாருங்கள். ஆஃப் ரோடு டிரிமில் நகரத்திலேயே ஓடிய வண்டி கிடைத்தால் விடாதீர்கள். என் தெருவில் அப்படி மூன்று இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா, ஒன்றின்மேல் எனக்கே கண் இருக்கிறது.

உண்மையான தெரு வண்டிதான் வேண்டும் என்றால்

டகோமாவில் இரண்டு டிரிமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். சில வண்டிகளில் அவை இரண்டு ஊர்கள். ஃபோர்டின் சிறிய பிக்கப்பான 2025 மேவரிக்கில் ‘லோபோ’, ‘டிரெமர்’ என்று இரண்டு டிரிம்கள். லோபோ என்றால் ஸ்பானிய மொழியில் ஓநாய். மெக்சிகோவில் ஃபோர்டின் பெரிய பிக்கப்பான எஃப்-150 அந்தப் பெயரிலும் விற்கிறது. பிக்கப்பைத் தாழ்த்தி, மினுக்கி, மெதுவாக ஊர்வலம் விடும் தெருக் கலாச்சாரத்தை மனதில் வைத்துத்தான் ஃபோர்டு இதைச் செய்தது. லோபோவை முன்னால் அரை அங்குலமும் பின்னால் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலும் தாழ்த்தியிருக்கிறார்கள். 19 அங்குல வீல், பின் அச்சில் இரட்டை கிளட்ச். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அதிக விசையைத் தள்ளி வண்டியைத் திருப்பிவிடும். டிரெமரோ உயர்த்தியது, 17 அங்குல வீல், முரட்டு டயர், லாக் செய்யும் பின் அச்சு.

இங்கே படி 4 இன்னும் கறாராகப் பொருந்தும். தாழ்த்திய லோபோவை உயர்த்துவதிலோ டிரெமரைத் தாழ்த்துவதிலோ பொருளில்லை. இரண்டிலும் குறைவேகக் கியர் கிடையாது என்பதையும் கவனியுங்கள். டிரெமர் சரளைப் பாதைக்கும் பனிக்கும் அருமை, வொயிட் ரிம் பாதைக்கு அதை அழைத்துப் போகாதீர்கள். வளைவுகளில் சிரித்துக்கொண்டே ஓட்ட வேண்டும், எப்போதாவது மரப்பலகை ஏற்ற வேண்டும், மண்ணே வேண்டாம் என்பவருக்கு லோபோ நேர்மையான வண்டி. அதில் எதுவும் நடிப்பில்லை.

கையெழுத்துப் போட்ட அன்று

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பெட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். கைப்பிடிக் கம்பி எங்கே இருக்கிறது, எந்தத் துளையில் போட வேண்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள். அதன் அளவு மற்ற நான்கோடு ஒத்திருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று பாருங்கள். நான் இதை முதல்முறை செய்தது டெத் வேலியில், ரேஸ்டிராக் பாதையின் பத்தொன்பதாவது மைலில், மாலை ஐந்து மணிக்கு.